பின்சீட்டின் எடை

என் வீட்டுக்காரர் வாயில் "பயமா இருக்கு" என்ற வார்த்தை வந்த அன்றுதான் எனக்குச் சந்தேகம் தட்டியது.

இத்தனை வருடங்களாக வண்டியை ஓட்டிப் பார்த்துவிட்டு வந்து அவர் சொல்லும் வார்த்தைகள் எனக்கு மனப்பாடம். "மூக்கு கனமா இருக்கு" என்பார். "நினைக்கறதுக்கு முன்னாடியே திரும்புது" என்பார். எரிச்சல் வந்தால் "இது வண்டியா, கதவா?" என்பார். பிரேக் வேலை செய்யாத வண்டியை மலையிலிருந்து இறக்கிக்கொண்டு வந்த அன்றுகூட, "கொஞ்சம் கவனமா இருக்க வேண்டியதாப் போச்சு" என்று சொல்லிவிட்டுக் கை கழுவப் போனவர். அப்படிப்பட்ட மனிதர் ஒரு காலையில் ஹெல்மெட்டை முழங்கையில் மாட்டிக்கொண்டு, என் முகத்தைப் பார்க்காமல், "வளைவுல முன்பக்கம் மிதக்குது. பயமா இருக்கு" என்றார்.

"யாருக்கு?" என்று கேட்டேன்.

"யாருக்குன்னா? எனக்குத்தான்" என்றார்.

எங்கள் பட்டறையில் எஞ்சின் வேலை கிடையாது. மோட்டார் சைக்கிளின் முன்பகுதி மட்டும்தான். சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு நிற்கும் இரண்டு ஃபோர்க் குழாய்கள், அவற்றைக் கவ்வும் தட்டுகள், எல்லாம் சேர்ந்து எந்தச் சாய்வில் நிற்கின்றன என்பது, இதுதான் எங்கள் பிழைப்பு. "இதுக்குப் போயா ஒரு பட்டறை?" என்று கேட்பவர்கள் உண்டு. கடையில் சாமான் தள்ளும் வண்டியின் சின்னச் சக்கரத்தைப் பார்த்திருப்பீர்கள். அது தன்னைப் பிடித்திருக்கும் கம்பிக்குச் சற்றுப் பின்னால் தரையைத் தொடும். அதனால்தான் தள்ளும் பக்கம் பின்னாலேயே வருகிறது. மோட்டார் சைக்கிளும் அதே கதைதான். ஹேண்டில்பார் திரும்புகிற அச்சை அப்படியே தரைவரை நீட்டுவதாக நினைத்துக்கொள்ளுங்கள். சக்கரம் தரையைத் தொடும் இடம் அதற்குக் கொஞ்சம் பின்னால் இருக்கும். அந்த இடைவெளி கூடினால் வண்டி நேராகத்தான் போவேன் என்று அடம் பிடிக்கும். குறைந்தால் நினைத்த மாத்திரத்தில் திரும்பும், ஆனால் வேகத்தில் தலையை உதறும். தட்டுகளைத் தளர்த்தி ஃபோர்க்கை ஒரு நூல், அதாவது மூன்று மில்லிமீட்டர், மேலே ஏற்றினால் மூக்கு தாழ்ந்து இடைவெளி குறையும். கீழே இறக்கினால் மூக்கு நிமிர்ந்து இடைவெளி கூடும். அந்த ஒரு நூலுக்குத்தான் ஆட்கள் எங்களைத் தேடி வருகிறார்கள்.

ஸ்பானர் என் கை, ஓட்டிப் பார்ப்பது அவர் கை. இது பட்டறை திறந்த நாளிலிருந்து எங்களுக்குள் இருக்கும் சட்டம். எனக்கும் ஓட்டத் தெரியும். கல்யாணத்துக்கு முன்பு என்னை முன்னால் உட்கார வைத்து, தான் பின்னால் உட்கார்ந்துகொண்டு, ஓட்டக் கற்றுக் கொடுத்ததே அவர்தான். பாடம் முடிவதற்குள் கல்யாணம் நிச்சயமாகிவிட்டது. ஆனால் பட்டறைக்கு வரும் வண்டியில் நான் ஏறமாட்டேன். இரண்டு பேர் ஓட்டினால் இரண்டு அபிப்பிராயம் வரும், பிறகு யார் சொல்வது சரி என்று வீடுவரை சண்டை வரும். அவர் வந்து சொல்வதைக் கேட்டு நான் திருத்துவேன், அவ்வளவுதான். அவர் கையை நான் நம்பிய அளவுக்கு என் கண்ணைக்கூட நம்பியதில்லை.

அதனால் பயம் என்றதும் முதலில் நான் செய்தது வேலைதான். ஃபோர்க்கை ஒரு நூல் கீழே இறக்கி, வண்டியைக் கொஞ்சம் நிதானப்படுத்தினேன். அடுத்து வந்த வண்டிக்கும் அதே பல்லவி. அதற்கடுத்த வண்டிக்கும். ஒரு மாதமாகப் பட்டறைக்கு வந்த அத்தனை வண்டியும் மிதந்தது, அத்தனை வண்டியும் அவரைப் பயமுறுத்தியது. நானும் ஒவ்வொன்றின் மூக்கையும் நிமிர்த்தி அனுப்பிக்கொண்டே இருந்தேன்.

பிறகு தாடிக்காரர் திரும்பி வந்தார். எங்கள் பழைய வாடிக்கையாளர், கோபமே வராதவர். வண்டியை வாசலில் நிறுத்திவிட்டு, "என்னம்மா பண்ணி வச்சிருக்கீங்க? வளைவுல நான் ஒரு பக்கம் இழுக்கறேன், அது ஒரு பக்கம் போகுது. நேத்து எதிர்ல லாரி. நூலிழையில தப்பிச்சேன்" என்றார்.

இருபது வருடத்தில் எங்கள் கையால் ஒருத்தருக்கும் ஒரு கீறல் விழுந்ததில்லை. என் வீட்டுக்காரரைப் பார்த்தேன். அவர் சுவரில் மாட்டியிருந்த ஸ்பானர்களை எண்ணிக்கொண்டிருப்பவர்போல நின்றார்.

அன்றிலிருந்து கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு கவனிக்க ஆரம்பித்தேன். கவனித்தால்தானே தெரிகிறது! வாழ்நாள் முழுக்கப் பட்டன் வைத்த சட்டையைத் தவிர வேறெதையும் தொடாத மனிதர், இந்த வயதில் கல்லூரிப் பையன்போல டீ-ஷர்ட்டில் திரிகிறார். தினமும் வழிக்கும் முகத்தில் தாடி. கயிறு கட்டும் ஷூ மூலையில் கிடக்கிறது, காலில் புதுச் செருப்பு. ஃபோனில் முன்பெல்லாம் எனக்கு "வரேன்" என்று மூன்றெழுத்தாவது தட்டி அனுப்புவார், இப்போது அதுவும் இல்லை. ஆனால் பின்கட்டில் நின்றுகொண்டு யாரிடமோ குசுகுசுவென்று பேசுகிறார். நான் போனால் பேச்சு நின்றுவிடும்.

"யாருங்க ஃபோன்ல?"

"ஸ்பேர் பார்ட்ஸ் கடைக்காரன்."

ஸ்பேர் பார்ட்ஸ் கடைக்காரனிடம் யாராவது "நாளைக்கும் வந்துடு, ப்ளீஸ்" என்று சொல்வார்களா? என் காதில் பூ சுற்ற இந்த மனிதருக்கு இன்னும் பயிற்சி போதாது.

இன்னொன்று. வண்டியைப் பட்டறையிலிருந்து ஓட்டிக்கொண்டு போகாமல் தெருமுனைவரை உருட்டிக்கொண்டே போக ஆரம்பித்திருந்தார். கேட்டால், "பக்கத்து வீட்டுல குழந்தை தூங்குது" என்றார். பக்கத்து வீட்டில் குழந்தையே கிடையாது. ஓய்வுபெற்ற ஒரு தபால்காரரும் அவருடைய கிளியும்தான்.

சொல்லி அழ ஆள் இல்லை. வழக்கமாக இந்த மாதிரி நேரத்தில் நாத்தனாரிடம், அதாவது அவருடைய தங்கையிடம் சொல்லலாம். மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கிறாள், நல்ல கெட்டிக்காரி. ஆனால் நான் ஊரில் இல்லாத சமயத்தில் வந்து என் சமையலறை அலமாரியைத் தன் இஷ்டப்படி அடுக்கி வைத்துவிட்டுப் போனதிலிருந்து எங்களுக்குள் பேச்சுவார்த்தை இல்லை. உப்பு டப்பாவை நான் இன்றுவரை தேடிக்கொண்டிருக்கிறேன்.

ஆகவே வண்டியையே சாட்சிக்குக் கூப்பிட்டேன். எங்கள் தொழிலில் ஒரு எளிய வழி உண்டு. ஃபோர்க் குழாயில் ஒரு பிளாஸ்டிக் பட்டியை இறுக்கிக் கட்டிவிடுவோம். வண்டி அமுங்கும்போது பட்டி நகர்ந்து, எவ்வளவு ஆழம் அமுங்கியது என்று காட்டிக்கொண்டு நிற்கும். அன்று யாருக்கும் தெரியாமல் பின்பக்க ஷாக் அப்சார்பரிலும் ஒரு பட்டி கட்டினேன். அவர் போய்விட்டு வந்து, கை கழுவப் போன இடைவெளியில் குனிந்து பார்த்தேன். முன்பக்கப் பட்டி கொஞ்சம்தான் நகர்ந்திருந்தது. பின்பக்கப் பட்டி அடிவரை போய் முட்டிக்கொண்டு நின்றது.

தனியாகப் போன ஆளுக்குப் பின்பக்கம் அடிவரை அமுங்காது. பின்சீட்டில் யாரோ உட்கார்ந்திருக்கிறார்கள்.

எடை போட்டு எடை போட்டுப் பழகிய புத்தி, அந்த நேரத்திலும் கணக்குத்தான் போட்டது. அந்த ஸ்பிரிங் அடிவரை போக வேண்டுமென்றால் ஆள் நல்ல கனம். ஒல்லிக்குச்சியாக இருக்க வாய்ப்பே இல்லை. எனக்கு அழுகை வருவதற்கு முன்னால் ஒரு அற்பத் திருப்தி வந்ததை மறைக்கவில்லை. என்னைவிடக் குண்டு!

அந்தத் திருப்தி கண்ணாடியைப் பார்க்கும்வரைதான். ஹேண்டில்பாரில் இருக்கும் இரண்டு கண்ணாடிகளும் கீழ்நோக்கிச் சாய்ந்திருந்தன. சீட்டில் உட்கார்ந்து பார்த்தேன். எனக்குத் தெரிந்தது என் வயிறுதான். என்னைவிட உயரமான அவருக்கு அதில் தெருவே தெரியாது. முன்னால் உட்கார்ந்து ஓட்டியது என் தோளுக்குக்கூட வராத ஆள்.

ஒருத்தி குண்டு, ஒருத்தி குள்ளமா? அப்படியானால் இவர் எங்கே உட்கார்ந்தார், பெட்ரோல் டேங்க் மேலா? சிரிப்பு வந்தது. சிரிப்பு பாதியிலேயே நின்றது. பின்னால் உட்கார்ந்த கனம் யாருடையது என்று எனக்குப் புரிந்துவிட்டது. அந்த எடையோடு இருபது வருடமாகக் குடித்தனம் நடத்துகிறேன். சின்ன உருவம் ஒன்று முன்னால் உட்கார்ந்து ஓட்ட, என் வீட்டுக்காரர் பின்னால் உட்கார்ந்து கற்றுக் கொடுக்கிறார்.

அந்தப் பாடம் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். வளைவு வரும்போது தோளில் கை வைப்பார். "ஹேண்டிலை இறுக்கிப் பிடிக்காத, அது உன் பேச்சைக் கேக்கும்" என்று காதருகில் சொல்வார். எல்லாம் எனக்குச் சொன்னதுதான். எனக்கு மட்டும் சொன்னது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். பட்டறைக் கழிப்பறையில் குழாயைத் திறந்துவிட்டு நன்றாக அழுதேன்.

கையும் களவுமாகப் பிடிக்க வேண்டும் என்று தோன்றியது. அதற்கு முன் ஒரு கடைசிச் சோதனை. தாடிக்காரரின் வண்டியில் எதையும் தொடாமல், ஒரு போல்ட்டைக்கூடத் திருப்பாமல், "ரெண்டு நூல் மாத்தியிருக்கேன், பாத்துட்டு வாங்க" என்று கொடுத்தேன். டயரில் காற்று சற்றுக் குறைந்தாலே தெருமுனையிலிருந்து திரும்பி வரும் கை அது. போனார், வந்தார்.

"இப்ப எவ்வளவோ பரவால்ல. பயம் போயிடுச்சு" என்றார்.

"அப்படியா?" என்றேன்.

"ஆமா. நீ கை வச்சா சும்மாவா?"

பொய்யோடு பாராட்டும் சேர்ந்து வந்ததுதான் என்னால் தாங்க முடியவில்லை. மறுநாள் காலை அதே வண்டியை மறுபடியும் அவரிடம் கொடுத்து, "இன்னும் ஒரு தடவை பாத்துடுங்க" என்றேன். அவர் உருட்டிக்கொண்டு தெருமுனை திரும்பியதும், பக்கத்து வீட்டுத் தபால்காரரிடம் இரவல் வாங்கி வைத்திருந்த ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு பின்னாலேயே போனேன். தலையில் துப்பட்டாவைச் சுற்றி, அதன்மேல் ஹெல்மெட். சினிமாவில் வரும் துப்பறிவாளர்கள்கூட இவ்வளவு வியர்த்திருக்கமாட்டார்கள்.

பெட்ரோல் பங்குக்குப் பின்னால் ஒரு சின்ன உருவம் காத்துக்கொண்டிருந்தது. தலையில் ஹெல்மெட், ஜீன்ஸ், அளவுக்கு மீறிய பெரிய ஜாக்கெட். அந்த ஜாக்கெட்டை எனக்குத் தெரியும். அவருக்குப் பிறந்தநாளுக்கு நான் வாங்கிக் கொடுத்தது. தொலைந்துபோய்விட்டது என்று சொன்னாரே, அந்த ஜாக்கெட். உருவம் முன்னால் ஏறி உட்கார்ந்தது. என் வீட்டுக்காரர் பின்னால் ஏறினார். வண்டியின் பின்பக்கம் தழைந்து, மூக்கு வானத்தைப் பார்த்தது. கிளம்பினார்கள்.

நகரத்தைத் தாண்டி, நீர்த்தேக்கத்தைச் சுற்றிப் போகும் வளைவுச் சாலையில் அவர்கள் போக, நான் இரண்டு வளைவு தள்ளிப் போனேன். வாயில் வந்ததையெல்லாம் ஹெல்மெட்டுக்குள்ளேயே திட்டித் தீர்த்தேன். என்ன கேட்க வேண்டும் என்று ஒத்திகை பார்த்தேன். இருபது வருடம், ஒரு பட்டறை, ஒரு வீடு, எல்லாவற்றையும் எப்படிப் பிரிப்பது என்றுகூட யோசித்துவிட்டேன். ஸ்பானர் செட் எனக்கு. அதில் விட்டுக்கொடுக்கும் பேச்சே இல்லை.

சாலையோரம் ஒரு திட்டில் வண்டி நின்றது. நானும் ஒரு மரத்தின் மறைவில் நிறுத்தினேன். அந்த உருவம் ஹெல்மெட்டைக் கழற்றியது.

என் நாத்தனார்.

ஸ்கூட்டரிலேயே சாய்ந்துகொண்டேன். ஒரு மாதத்துச் சந்தேகமும் ஒரே மூச்சில் வெளியேறியது. ஆனால் முழுதாக வெளியேறுவதற்குள் இன்னொன்றைப் பார்த்தேன். என் வீட்டுக்காரர் மோவாயை உயர்த்திக் காட்டிக்கொண்டு நின்றார். நாத்தனார் அவருடைய ஹெல்மெட் கிளிப்பைக் கழற்றினாள். பிறகு தண்ணீர் பாட்டிலின் மூடியைத் திருகித் திறந்து, அவருடைய இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் அதைப் பொருத்தி வைத்தாள். அவர் சின்னக் குழந்தை மாதிரி இரண்டு கையாலும் அணைத்துப் பிடித்துக் குடித்தார். அப்படியும் பாட்டில் நழுவி விழுந்தது. அவர் அதைக் குனிந்து எடுக்க முயலவில்லை.

பட்டன் இல்லாத சட்டை, வழிக்காத முகம், கயிறு கட்டாத கால், எழுத்து தட்டாத ஃபோன், முழங்கையில் தொங்கிய ஹெல்மெட். எல்லாம் வரிசையாக வந்து என் முன்னால் நின்றன. எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். ஆனால் வேறெதையோ தேடிக்கொண்டு பார்த்தேன்.

மறைவிலிருந்து வெளியே வந்தேன். நாத்தனார்தான் முதலில் பார்த்தாள்.

"ஐயோ, அண்ணி!"

"எத்தனை நாளா?" என்று அவரைக் கேட்டேன். குரல் நான் நினைத்ததைவிடப் பெரிதாக வந்தது.

அவர் கைகளைப் பின்னால் கட்டிக்கொள்ளப் பார்த்தார். "மழைக்காலத்துக்கு முன்னாடியே ஆரம்பிச்சுது. விரல் நுனியில மரத்துச்சு. அப்புறம் கை முழுக்க. கழுத்துல நரம்பு அழுந்தியிருக்காம். ஆபரேஷன் பண்ணா இதுக்கு மேல மோசமாகாதாம். போனது திரும்புமான்னு கேட்டா டாக்டர் பேச்சை மாத்தறாரு."

"என்கிட்ட ஏன் சொல்லல?"

"என்னன்னு சொல்றது? பட்டறையில உன் கையில ஸ்பானர் இருக்கு. என்கிட்ட இந்தக் கை ஒண்ணுதான். இதுவும் போச்சுன்னா அப்புறம் நான் அங்க எதுக்கு?"

நாத்தனார் நடுவில் புகுந்தாள். "அண்ணன் கெஞ்சினாரு அண்ணி. நீ ஓட்டு, எப்படி இருக்குன்னு சொல்லு, நான் போய் அவகிட்ட சொல்லிக்கறேன்னு சொன்னாரு. உங்ககிட்ட சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வேற. எனக்கு தினமும் உயிர் போய் உயிர் வருது. பின்னாடி இவ்வளவு கனத்தை வச்சுக்கிட்டுத் திருப்பினா, முன்சக்கரம் தரையிலயே இல்லாத மாதிரி இருக்கு."

"இருக்காதுதான்" என்றேன். "பின்னாடி அமுங்கினா மூக்கு தூக்கும். முன்பக்கம் மிதக்கத்தான் செய்யும். வண்டியில ஒரு குத்தமும் இல்ல. ஒரு மாசமா நான் உன் பயத்தையா திருத்திட்டு இருந்தேன்?"

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். எனக்குக் கோபம் அப்போதுதான் முழுசாக வந்தது. "தாடிக்காரர் லாரிக்கு அடியில போயிருந்தா? மரத்துப்போன கையை வச்சுட்டு ஓகே சொல்லி அனுப்பியிருக்கீங்களே, நீங்க மனுஷனா?" என்று அவரைப் பார்த்துக் கத்தினேன். "எனக்கு வேற யாரோ பொம்பளைன்னு நெனச்சு நெஞ்சு வெடிச்சுது. அதுவே தேவலாம் போல இருக்கு!" கடைசியில் சொன்னது பொய். அவருக்கும் அது தெரியும். அவர் அழுதார். கண்ணைத் துடைக்கப் புறங்கையைத்தான் பயன்படுத்தினார்.

ஒரு மாதத்தில் எங்கள் கையை விட்டுப் போன வண்டிகள் அத்தனையையும் அன்றே திரும்ப வரவழைப்பது என்று அங்கேயே முடிவு செய்தேன். ஸ்கூட்டரை நாத்தனாரிடம் கொடுத்து முன்னால் போகச் சொன்னேன். "உப்பு டப்பா எங்க வச்ச?" என்றும் கேட்டுவிட்டேன். "மேல் தட்டுல, பின்னாடி" என்றாள் மூக்கை உறிஞ்சிக்கொண்டே.

தாடிக்காரரின் வண்டியில் நான் முன்னால் ஏறினேன். கண்ணாடிகளை எனக்கேற்றபடி நிமிர்த்தினேன். சட்டத்தை உடைத்து, பட்டறை வண்டியை நான் ஓட்டுவது அதுதான் முதல் தடவை. முதல் வளைவிலேயே என் வேலையின் லட்சணம் தெரிந்தது. தோள் வலிக்கத் தள்ளினால்தான் திரும்புகிறது. திரும்பியதும் நிமிரப் பார்க்கிறது.

"இது வண்டியா, கதவா?" என்று கத்தினேன்.

பின்னாலிருந்து அவர் சிரிக்கும் சத்தம் கேட்டது. ஒரு மாதத்துக்குப் பிறகு கேட்ட சிரிப்பு. "அதை நான் சொல்லணும்" என்றார். கொஞ்சம் பொறுத்து, "ஹேண்டிலை இறுக்கிப் பிடிக்காத" என்றார் என் காதருகில்.

"நான் பிடிக்கல. பெரிய வளைவு வருது. நீங்கதான் என்னை இறுக்கிப் பிடிச்சுக்கங்க."

"புடிச்சுக்கிட்டுத்தான இருக்கேன்."

குனிந்து பார்த்தேன். என் இடுப்பின் இரண்டு பக்கமும் அவருடைய கைகள் இருந்தன. இரண்டும் விரித்தபடி, எதையும் பிடிக்காமல், காற்றில் ஆடிக்கொண்டிருந்தன.

வேகத்தைக் குறைத்தேன். இடது கையை எடுத்து, அவர் கைகளை ஒவ்வொன்றாக முன்னால் இழுத்து, என் வயிற்றின்மேல் ஒன்றோடொன்று கோத்து, இரண்டு முழங்கைகளாலும் அழுத்திப் பிடித்துக்கொண்டேன்.

"சரியாப் புடிச்சிருக்கேனா?" என்று கேட்டார்.

"நல்லா புடிச்சிருக்கீங்க" என்று சொல்லிவிட்டு வளைவில் வண்டியைச் சாய்த்தேன்.